நெருப்பு சுடவில்லை

திண்டிவனம் பக்கம் செருப்புக் கம்பெனி ஒன்றில் அடிப்பாகம் ஒட்டும் வேலை செய்தேன். காற்றுப் பட்டால் சொல்யூஷன் காய்ந்துவிடும் என்று ஃபேனை நிறுத்தி, ஜன்னலையும் சாத்திவிடுவார்கள். பாதம் மரத்துப்போனதை அசதி என்றே நினைத்தேன்.

ஆடித் தீமிதியில் நெருப்பு எனக்குச் சுடவே இல்லை. பூரித்துப்போய் மெதுவாக நடந்தேன். என்னை மதிக்காத நாத்தனாரே, "ஆத்தா உன் கால்ல வந்து நின்னுக்கினாங்க அண்ணி!" என்று காலில் விழுந்தாள்.

மறுநாள் பாதமெல்லாம் கொப்புளம். விழுப்புரம் டாக்டர் என் வேலையைத்தான் விசாரித்தார். "சொல்யூஷன்ல இருக்கிற கெமிக்கல் நரம்பைக் கெடுத்துடுச்சும்மா" என்றார்.

முதலாளியிடம் சொன்னேன். "சாமி வந்த காலுக்கு நான் என்னா பண்றது?" என்று சிரித்தார்.

வேலையை விட்டுவிட்டேன். வெந்நீரைக்கூட மகள் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றுகிறேன். இந்த ஆடியில் அம்மனிடம் கேட்டது ஒன்றுதான்: தாயே, எனக்குச் சுட வேண்டும்.