விதைக்கு விட்ட பூ

என் மனைவிக்கு எதிலும் பொறுமை கிடையாது; என்னிடம் சுத்தமாகக் கிடையாது. இருந்த கொஞ்சத்தையும் சூரியகாந்திக்கே செலவழித்துவிட்டாள். புக்கிட் ரோத்தானில் எங்கள் வீட்டு மண் வெறும் களி. ஒரு மழைக்கே தண்ணீர் கட்டிக்கொள்ளும். அவள் வாசலோரம் மேட்டுப்பாத்தி போட்டு, மணலும் கோழி எருவும் கலந்து விதை ஊன்றுவாள். முளை விட்டதும் விடியற்காலையில் டார்ச் அடித்து நத்தை பொறுக்குவாள். பூ முற்றியதும் குருவி கொத்தாமலிருக்க வெங்காயம் வரும் வலைப்பையை மாட்டிக் கட்டுவாள். அதன்பிறகு யாரும் கிட்டே போகக்கூடாது.

“தல தொங்கி, பின்பக்கம் பழுப்பாகுற வரைக்கும் கை வைக்காதீங்க. அப்பத்தான் வெத தேறும்.”

ஒவ்வொரு முறையும் அந்த விதையிலிருந்தே அடுத்த செடி. கடையில் பாக்கெட் விதை வாங்குவதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்தாள். போன வருடம் அவள் இறந்தபோது பிஸ்கட் டின்னில் ஒரு பிடி விதை மிச்சமிருந்தது. வைத்திருந்தால் முளைக்காமல் போய்விடுமோ என்று பயந்து அத்தனையையும் ஊன்றினேன். மழைக்கும் நத்தைக்கும் போக மூன்று செடிகள் தேறின. மூன்றும் பூத்தன. வேலைக்குக் கிளம்பும்போது என் மகள் அவற்றின் முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டுப் போவாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

இதழ் உதிர்ந்து தலைகள் தொங்கிய சமயம் பார்த்து மகளைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். முதல் நாளே செரண்டாவிலிருந்து என் அக்கா வந்து இறங்கினாள். வாசலில் கால் வைக்கும்போதே முகம் சுளித்தாள்.

“என்னா தம்பி இது? நல்ல காரியத்துக்கு வர்றவங்க கண்ணுல காஞ்ச பூவா படணும்? வெட்டிப் போடு லா.”

“காயலக்கா, வெதைக்கு விட்டுருக்கேன். அவ வெதை. டின்னுல வேற இல்ல. இன்னும் ஒரு வாரம் போவணும்.”

“சரி சரி” என்றாள் அக்கா.

அவளைக் குற்றம் சொல்லக்கூடாதாம். எல்லாரும் சொல்கிறார்கள். சின்ன வயதில் எஸ்டேட்டில் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைத் துரை பார்க்க வரும் நாளில் வாசலில் ஒரு சருகு கிடந்தாலும், ஆட்களை மேய்க்கும் மண்டோர் வந்து கத்துவான். கூட்டிப் பெருக்கி எரிப்பது எங்கள் வீட்டில் அக்காவின் வேலை. எஸ்டேட்டை விட்டு வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. யாராவது வருகிறார்கள் என்றால் அவள் கை இன்னும் துடைப்பத்தைத் தேடுகிறது. தேடட்டும், அவள் வீட்டில்.

மறுநாள் காலை பழமும் பலகாரமும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வாசல் மொட்டையாகக் கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் புகை. ஓடினேன். தென்னை மட்டைகளோடு மூன்று தலைகளும் வலைப்பையோடு எரிந்துகொண்டிருந்தன. ஒன்றைக் குச்சியால் வெளியே இழுத்துப் போட்டேன். விதையெல்லாம் கருகியிருந்தது. கடலை வறுத்த வாசனை வந்தது.

“ஏங்க்கா?”

“கோவப்படாத தம்பி. கடையில வெத இல்லாமலா போச்சு? நான் வாங்கித் தர்றேன்.”

அறைந்திருப்பேன். பாவி, அக்காவாகப் பிறந்து தொலைத்தாள். அக்காவின் அவசரத்துக்குக் காலையிலேயே சேலை கட்டிக்கொண்டு சமையலறைக் கதவருகே நின்ற மகளின் கண் கலங்கியிருந்தது. மை கலையும், அழாதே என்று அவளையும் அக்கா அதட்டினாள்.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா செருப்பைக் கழற்றுமுன் வாசலை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“அம்மா இல்லாத வூடுன்னு சொன்னாங்க. வாசலப் பாத்தா அப்படித் தெரியவே இல்லியே!”

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. “எல்லாம் நாந்தான், காலையில சுத்தம் பண்ணேன்” என்றாள்.

நான் கை கூப்பி, உள்ளே வாருங்கள் என்றேன்.