ஐவியின் ஆர்மோனியம்

துறைமுகத் தொலைபேசி அறையில் வேலை பார்த்த ஐவிக்கு, வீட்டில் தனக்கென்று இருந்தது ஓர் ஆர்மோனியம் மட்டும்தான். மற்றதெல்லாம் தங்கச்சி புஸ்பராணிக்குப் போனது: புதுச் சட்டை, கெட்டிக்காரி என்ற பேர், கடைசியில் பேராதனைப் பல்கலைக்கழகமும்.

எழுபத்தாறில், இரண்டாம் வருடச் சோதனை நெருங்க, ராணி பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். சோதனை மண்டபத்தை நினைத்தாலே படபடக்குது, மூச்சு முட்டுது என்றாள். சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தாள். டொக்டர் கொடுத்த குளிசைக்கு நித்திரைதான் வந்தது. தாய் திரேசம்மா சோறு குழைத்து ஊட்டினாள். வேலையால் களைத்து வந்த ஐவி, குசினியில் தானே போட்டுச் சாப்பிட்டாள்.

ஒரு பின்னேரம் ஐவி மாதா கோயில் பாட்டொன்றைப் பழகும்போது ராணி எழும்பி வந்து பக்கத்தில் இருந்தாள்.

"இன்னொருக்கா வாசியுங்கோ அக்கா."

மறுநாள் தானே ஆர்மோனியக் கட்டைகளை அமத்தினாள். பசிக்குது என்று கேட்டுச் சாப்பிட்டாள். கொஞ்ச நாளில் பூசையில் பாடவும் தொடங்கினாள். "ராணியின்ர குரல் மனசைக் கரைக்குது" என்றது சனம். இத்தனை வருடம் அதே கோயிலில் வாசித்த ஐவியிடம் ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை.

ஐவிக்கு வயிறு எரிந்தது. அடுத்த நாள் ஆர்மோனியத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது ராணி குசினி மூலையில் குந்தியிருந்தாள். உடம்பெல்லாம் வியர்வை. திரேசம்மா அழுதழுது விசிறிக்கொண்டிருந்தாள்.

"மூச்சு விட ஏலாமல் கிடக்கு அக்கா."

"நான்தான் பூட்டினனான்."

"தெரியும். எனக்கும் உங்களில எரிச்சல்தான். வாசிக்கேக்க உங்கட முகத்தில ஒரு பயமும் இல்லை."

தன்னைப் பார்த்தும் ஒருத்தி எரிந்திருக்கிறாள் என்பதில் ஐவிக்கு வெட்கங்கெட்ட சந்தோசம் வந்தது. அலுமாரியைத் திறந்தாள். தங்கச்சியின் மூச்சு சீராகும்வரை வாசித்தாள்.

ராணி பேராதனைக்குத் திரும்பியபோது, "கொண்டு போ" என்று ஐவி ஆர்மோனியத்தையும் கொடுத்துவிட்டாள். ராணி சோதனை எழுதிப் பாசானாள்.

அடுத்த வருடம் ஐவி ராணியின் விடுதிக்குப் போய்ப் பார்த்தாள். சோதனைக் காலம். பயந்து வெளிறிய பெட்டைகள் ராணியின் கட்டிலைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு பாடினார்கள்.

"ராணி அக்கா வாசிச்சால்தான் எங்களுக்குப் படபடப்பு அடங்கும்" என்றாள் கிண்ணியாவிலிருந்து படிக்க வந்த நஜ்முன் நிஸா.

"ஓம், ஓம்" என்று சிரித்த ஐவிக்குப் பழைய எரிச்சல் திரும்பவும் கிளம்பியது. தங்கச்சியைத் தோளால் இடித்தாள்.

"தள்ளியிரு. இப்ப நான்."