போலீசுக்கு எத்தனை பெயர்

என் மனைவி சிகந்தராபாத்தில் ரயில்வே போலீசில் ஏட்டு. நான் மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிறவன். எங்கள் வீட்டில் அதிகாரம் யாருக்கு என்று மௌலா அலி காலனியில் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்க அவசியமும் ஏற்பட்டதில்லை.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஹைதராபாத்தில் எங்கள் தமிழ்ச் சங்கம் மாதாமாதம் எட்டுப் பக்கத்தில் ஒரு இதழ் போடுகிறது. அதற்குப் பத்து வருடமாகக் குறுக்கெழுத்து தயாரித்துத் தருகிறேன். சங்கத்தில் பாதிப் பேர் அதை நிரப்பத்தான் இதழையே பிரிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். மீதிப் பாதி அதில்தான் பஜ்ஜி எண்ணெயை ஒற்றி எடுக்கிறது என்பது என் மனைவியின் அபிப்பிராயம்.

ஆனாலும் அச்சுக்குப் போகுமுன் போட்டுப் பார்ப்பவள் அவள்தான். சாயங்காலம் டூட்டி முடிந்து வந்ததும் ஒரு பக்கெட் வெந்நீரில் உப்பைப் போட்டு, நாள் முழுக்கப் பிளாட்பாரத்தில் நின்ற காலை அதில் வைத்துக்கொண்டு உட்காருவாள். நான் தாளையும் பென்சிலையும் நீட்டுவேன். தண்ணீர் சூடாக இருக்கும்போதே முடித்துவிட்டால், "சப்பைங்க" என்று திருப்பிக் கொடுப்பாள். பச்சைத் தண்ணீராகிவிட்டால் ரொம்பக் கஷ்டம் என்று அர்த்தம். வெதுவெதுப்பில் முடிந்தால் அச்சுக்கு அனுப்பலாம். இதைவிட நல்ல அளவுகோல் எனக்கு வாய்த்ததில்லை.

காக்கி உடுப்பு அவள் பைக்குள் மடித்து இருக்கும். ஸ்டேஷனிலேயே உடை மாற்றி, சுடிதாரில்தான் வீட்டுக்கு வருவாள். ரயிலில் அதுதான் வசதி என்பாள். நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் மழைக்காலத்தில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. போலீசுக்கு ஊர் உலகம் வைத்த பட்டப்பெயர்களை மட்டும் கொண்டு ஒரு குறுக்கெழுத்து. அவளுக்கு ஒரு பரிசு மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன். பரிசு! இரண்டு வாரம் அகராதிகளிலேயே குடியிருந்தேன். இங்கிலீஷில் 'காப்' என்கிறார்களே, அது சட்டையிலிருந்த செம்புப் பொத்தானால் வந்தது என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். அது கட்டுக்கதை, பிடி என்று பொருள்படும் பழைய வினைச்சொல்லிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்து ஒருநாள் முழுக்கக் குஷியாக இருந்தேன். 'பாபி' என்பது லண்டனில் போலீஸ் படையைத் தொடங்கிய மந்திரியின் செல்லப்பெயர். தலையில் இருந்ததை வைத்து நம் ஊரில் சிவப்புத் தொப்பி. பம்பாயில் பாண்டு. வடக்கே துல்லா, அதற்கு ஆளுக்கொரு மூலம் சொல்கிறார்கள், ஒன்றும் உறுதியில்லை. தமிழ்நாட்டில் மாமா, ஹைதராபாத் தெருக்களில் மாமூ. பிடிக்க வருகிறவனுக்கு ஏன் இந்த உறவுமுறை என்று யோசித்து யோசித்து எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். இத்தனையையும் கட்டங்களுக்குள் அடக்கியபோது, நான் செய்ததிலேயே சிறந்தது இதுதான் என்று தோன்றியது.

அன்று அவள் பக்கெட்டில் காலை வைத்ததும் தாளைக் கொடுத்துவிட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். காலேஜில் படிக்கும் எங்கள் மகள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு இருந்தாள்.

முதல் குறிப்பைப் படித்தாள். இரண்டாவதைப் படித்தாள். பென்சில் தாளைத் தொடவில்லை. எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிட்டு, தாளை மடிமேல் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன, கஷ்டமா இருக்கா?" என்று கேட்டேன். மூடன்.

"எல்லாம் தெரியுதுங்க. ஒண்ணொண்ணும் எந்த வாயிலேர்ந்து எப்படி வரும்னுகூடத் தெரியும்."

பிறகு கோபமில்லாமல், பக்கெட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "பாப்பா ஒன்பதாவது படிக்கிறப்ப ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு டூட்டியிலேர்ந்து நேரா உடுப்போட போனேன், ஞாபகம் இருக்கா? நீங்க அன்னிக்கு வரலை. வாசல் கேட் பக்கத்துல பெரிய பசங்க நின்னுக்கிட்டு மாமூ, துல்லான்னு கத்தினாங்க. இவ கை என் கைக்குள்ள இருந்துச்சு. கூட்டம் ஜாஸ்தி. நழுவிடுச்சு. அதுக்கப்புறம் உடுப்போட உங்க யாரு கூடவும் நான் எங்கயும் வர்றதில்ல. கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை. ஆறு வருடம். 'காப்' எந்த வினைச்சொல்லில் பிறந்தது என்று இரண்டு வாரம் துருவியவனுக்கு, தன் மனைவி ஏன் தினமும் ஸ்டேஷனிலேயே உடை மாற்றுகிறாள் என்று ஒருநாள்கூடக் கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. தாளை வாங்கிக் கிழிக்கப் போனேன்.

"கிழிக்காதீங்க, கஷ்டப்பட்டுப் பண்ணியிருக்கீங்க" என்று கையைத் தட்டிவிட்டாள். "ஆனா இவ்வளவு பேரு தேடினீங்களே. தொலைஞ்சு போனவங்க எங்களை என்னன்னு கூப்பிடுவாங்கன்னு தேடலையே."

"என்னன்னு கூப்பிடுவாங்க?"

"அம்மாம்பாங்க. அக்காம்பாங்க. ஒரு பெரியவர் கண்ணாடியத் தொலைச்சுட்டு என்னைத் தம்பின்னாரு." இதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. "போன மாசம் ஒரு குட்டிப் பொண்ணு, மூணு வயசு இருக்கும். கூட்டத்துல அவங்கம்மாவ விட்டுடுச்சு. பேரும் சொல்லத் தெரியல, ஊரும் சொல்லத் தெரியல. அவங்கம்மா வர்ற வரைக்கும் என் பெல்ட்டப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. அது என்னை ஒண்ணுமே கூப்பிடல."

மேஜைப் பக்கம் தட்டச்சுச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. என் மகளுக்கு நாங்கள் பேசும் தமிழ் முழுக்கப் புரியும். பதில் மட்டும் தெலுங்கிலோ ஹிந்தியிலோதான் வரும்.

"ஜாரலேது மா," என்றாள். "நேனே வதிலேசின."

நழுவவில்லை, நான்தான் விட்டேன் என்கிறாள்.

என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்டி," என்றாள். "அப்ப உனக்குப் பதினாலு வயசு."

அவ்வளவுதான். மகள் எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பக்கெட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, ஆறிவிட்டது என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் வெந்நீர் வைக்கப் போனேன். அடுப்படியில் கொஞ்சம் அதிக நேரம்தான் நின்றேன்.

அந்த மாத இதழுக்கு அவசர அவசரமாகக் காய்கறிகளை வைத்து ஒரு குறுக்கெழுத்து அனுப்பினேன். சங்கச் செயலாளர் போன் செய்து, "என்ன சார், சரக்கு தீர்ந்துபோச்சா?" என்று விசாரித்தார். ஆமாம் என்றேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் மகளின் காலேஜில் கண்காட்சி. மாணவர்கள் தாங்கள் செய்த கருவிகளைப் பெற்றோருக்குக் காட்டும் நாள். காலையில் காக்கி உடுப்பைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டே என் மனைவி, "ரெண்டு மணிக்கு டூட்டி முடியும். டிரெஸ் மாத்திக்கிட்டு வந்துடறேன்" என்றாள்.

"நக்கோ," என்றாள் மகள். வேண்டாமாம். "கட்லனே ரா மா." அப்படியே வா.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பார்த்தேன். இந்த விஷயத்தில் குறிப்புக் கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை.

மூன்று மணிக்குக் காலேஜ் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஆட்டோவிலிருந்து காக்கி உடுப்போடு, தொப்பியோடு இறங்கினாள். இறங்கியதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். தினமும் ஆயிரம் பேருக்கு நடுவே நிமிர்ந்து நிற்கிறவள், அந்த வாசலில் தயங்கினாள். மகள் உள்ளேயிருந்து ஓடிவந்து, தோழிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூவரும் உள்ளே நடந்தோம்.

பைக் நிறுத்துமிடத்திலிருந்து யாரோ ஒருவன், "ஏ மாமூ!" என்றான். எனக்குக் கேட்டது. அவர்கள் இருவருக்கும் நிச்சயம் கேட்டிருக்கும். நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அன்றைக்கும் நல்ல கூட்டம்தான். கை நழுவவில்லை.