மீன் இல்லாத தண்ணீரோடு ஒரு ரயில் பயணம்

அமோனியா பூஜ்யம். ஆவடி வண்ணமீன் கடைக்காரர் இன்று மாலை சோதித்து உறுதிசெய்தார்.

காலையிலேயே வீட்டில் நானும் சோதித்தேன். சோதனைக் குழாயில் மஞ்சள் நிறம் வந்தது. புதுத் தொட்டியில் மீனைக் கொல்லும் அமோனியா போய்விட்டது என்று அதற்கு அர்த்தம். ஆனால் நிருபர் வேலையில் ஒரே ஆதாரத்தை நம்பி நான் எந்தச் செய்தியும் கொடுத்ததில்லை. தொட்டித் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு திருமுல்லைவாயிலில் ரயில் ஏறினேன்.

பக்கத்து இருக்கைக்காரர் என் மடியிலிருந்த பாட்டிலையே பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, பாசித் தண்ணியா?"

"மீன் தொட்டித் தண்ணிங்க."

"மீன் எங்க?"

"இன்னும் வாங்கல. மொதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணணும்."

"தண்ணிக்கே டெஸ்ட்டா? இன்னா, சுகர் கீதா?"

பெட்டியே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன்.

ஆவடியில் நான் இறங்கும்போது அவரே, "ரிசல்ட் நல்லா வரும், போய்க்கினே இரு" என்றார்.

வந்தது! வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி ஸ்டெல்லாவிடம் கத்திச் சொன்னேன்.

"சந்தோஷம். ஆனா தொட்டி இருக்கிறது கிறிஸ்துமஸ் குடில் வைக்கிற மேசைங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள மீன் வரலைன்னா தொட்டி மொட்டை மாடிக்குப் போயிடும்."

நிலுவையில் இருப்பது நைட்ரைட். அமோனியா மாறி உண்டாகும் அதுவும் மீனுக்கு ஆகாது. சோதனைக் குழாயில் இன்னும் லேசான ஊதா தெரிகிறது. சனிக்கிழமைக்குள் சரியாகிவிடும் என்பது கடைக்காரரின் கணிப்பு.

இந்த நைட்ரைட் விஷயம் ஸ்டெல்லாவுக்கு இன்னும் தெரியாது. நீங்கள் மீனுக்குப் பெயர் மட்டும் சொல்லுங்கள், போதும்.