பாக்தாத் ராஜாவும் அக்காவின் மருதாணியும்

நாங்கள் நபிகள் நாயகத்தின் பேரர் வழியில் வந்தவர்கள். எழுபதைத் தாண்டிய பிறகும் இதை நான் குறைத்துச் சொல்வதில்லை. வேலந்தாவளம் சந்தையில் அத்தா வைத்திருந்தது மாட்டுக் கயிறும் கழுத்து மணியும் விற்கிற சின்னக் கடைதான். ஆனாலும் புதுக் காளை பிடித்த கவுண்டர்கள் எங்களிடம்தான் கயிறு எடுப்பார்கள். அத்தா ஓதி ஊதிக் கொடுத்த கயிற்றில் கட்டினால் மாட்டுக்கு நோய் அண்டாதாம்.

கடைச் சுவரில், பத்திரிகையிலிருந்து வெட்டிக் கண்ணாடி போட்ட படம் ஒன்று தொங்கும். பாக்தாத் ராஜா. கோட்டும் டையுமாக, மீசை அரும்பிய பையன் போல இருப்பார்.

"மக்காவை ஆண்டது நம்மாளுங்க. இப்ப பாக்தாத்தையும் ஜோர்தானையும் ஆள்றதும் நம்மாளுங்கதான்" என்பார் அத்தா.

"அவங்க நாட்டை ஆள்றாங்க, நாம கயித்தை ஆள்றோம்" என்பார் அம்மா.

எங்கள் வழக்கத்தில் நபி வழிப் பெண்ணை நபி வழியில்தான் கொடுக்க வேண்டும். மேற்கே மலையாளத்துப் பக்கம் அதே வழியில் வந்த தங்ஙள்மார் இருந்தார்கள். தமிழ் பேசுகிற கயிற்றுக்கடைக்காரரை அவர்கள் சம்பந்தியாக நினைத்துப் பார்க்கவில்லை. அக்காவுக்கு இருபத்தைந்து ஆகிவிட்டது. எருத்தேன்பதியில் மாட்டு வியாபாரம் செய்த ராவுத்தர் ஒருவர் மட்டும், நபி வழி இல்லாவிட்டாலும், தன் மகனுக்கு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா வருடக்கணக்கில் சோற்றோடு சோறாக அந்தப் பேச்சையும் பரிமாறி, ஒருவழியாக அத்தாவை இறங்க வைத்தார். சர்க்கரை கொடுத்து நிச்சயம் செய்ய நாள் குறித்தார்கள். முந்தின நாள் மருதாணி அரைத்தது நான்தான். அக்காவின் கை அப்படிச் சிவந்திருந்தது.

நிச்சயத்தன்று காலை டீக்கடை ரேடியோவில் சேதி வந்தது. பாக்தாத்தில் பட்டாளம் அரண்மனைக்குள் புகுந்து ராஜாவைச் சுட்டுவிட்டதாம். அத்தா படத்தைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ராவுத்தர் வீட்டார் அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு இந்த ஊட்டுல இனிப்பு கூடாது" என்றார் அத்தா.

ராவுத்தர் தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "வாஸ்தவந்தானுங்க. கேட்டதும் எங்களுக்குமே சங்கடமாப் போச்சுங்க. துக்கம் நாப்பது நாள் கழியட்டும், மறுக்கா வர்றோமுங்க."

"நாப்பது கழிஞ்சும் வேண்டாம். எங்க ரத்தம் அங்க தெருவுல கிடக்குது. மிச்சமிருக்கறதை நான் கலக்க மாட்டேன்."

"செத்தது அவருங்க. உசுரோட இருக்கறது உங்க மகளுங்க."

அத்தா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வண்டி போய்விட்டது. சர்க்கரைத் தட்டில் எறும்பு ஏறும்வரை யாரும் அதை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அக்காவைக் கேட்டு ஒருவரும் வரவுமில்லை.

எனக்கோ ஒரே பெருமை. மூன்றாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்திய பள்ளிக்கூடத்தில் ராஜா செத்த வீடு வேறு யாருக்கு இருந்தது? "எங்க சொந்தக்கார ராஜாவைச் சுட்டுட்டாங்க. எங்கக்கா சோறே உங்கறதில்லை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். "உங்க ராஜா நம்ம சந்தைக்கு ஒருக்காவாச்சும் வந்திருக்காராடி?" என்று கேட்டவளோடு பேச்சை விட்டேன்.

வீட்டில்தான் எனக்குக் கஷ்டம். அக்கா கையைத் தண்ணீரில் நனைப்பதே இல்லை. புறவாசலில் உட்கார்ந்து, உள்ளங்கை இரண்டையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தபடி இருப்பாள். சாம்பலும் தேங்காய் நாருமாகப் பாத்திரம் தேய்ப்பதெல்லாம் என் தலையில் விழுந்தது.

"ராஜா செத்தா நான் எதுக்குப் பாத்திரம் தேய்க்கோணும்?" என்று ஒருநாள் கத்தினேன்.

எதற்கெடுத்தாலும் அடிக்கிற அம்மா அன்று அடிக்கவில்லை. "கொஞ்ச நாளைக்குத்தான் கண்ணு. அந்தச் செவப்பு போற வரைக்கும்" என்றார்.

சிவப்பு ஆரஞ்சாகி, பிறகு நகத்தில் மட்டும் நின்று, அதுவும் வளர்ந்து வெட்டுப்பட்டுப் போனது. ஒரு காலையில் அக்கா தானாக எழுந்து வந்து, என் கையிலிருந்த கரிச்சட்டியை வாங்கிக்கொண்டு தேய்க்க உட்கார்ந்தாள்.

ராஜாவின் துக்கம் முடிந்துவிட்டதென்று நான் விளையாட ஓடினேன்.