மூடியில்லாமல் ஓட்டிய ட்ரையல்

செத்த மோட்டாருக்குக்கூட நான் உயிர் கொடுப்பேன் என்று எங்கள் செக்‌ஷனில் ஒரு பேச்சு உண்டு. சொன்னவர்கள் பாதி கேலியாகத்தான் சொன்னார்கள். அதை முழுசாக நம்பியவன் நான் ஒருவன்தான். நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பு வேலை, பெர்மனென்ட். ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தால் பிளாக்கில் பாதி வீட்டு மிக்சி என் மேஜையில் காத்திருக்கும். அந்தத் திமிரில்தான் ஒரு பெண்ணின் தலையில் மண்ணை வாரிப் போட்டேன்.

அவர் எங்கள் ஒர்க்‌ஷாப்பைக் கூட்டிப் பெருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி. கம்மாபுரம் பக்கத்து ஊர். சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது அவர்கள் வீடும் போயிற்று. கணவர் கல்யாண வீடியோ எடுக்கிறவர். வீட்டை இடிப்பதற்கு முதல் நாள் அதையும் ஒரு வீடியோ எடுத்துவைத்தார். அடுத்த வருடமே மாரடைப்பில் அவரும் போய்விட்டார். ஊரார் முகத்தையெல்லாம் படம் பிடித்தவரின் குரல் பதிந்திருந்தது அந்த ஒரு வீடியோவில்தான். அது இருந்த ஹார்ட் டிஸ்க் ஓடாமல் நின்றுவிட்டது.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

"வூடு தெரியலன்னாலும் பரவால்லீங்க சார். அவரு கொரலு ஒருவாட்டி கேட்டா போதும். பொண்ணு இத மெட்ராஸுக்கு அனுப்பிப் பாக்கலாம்னு சொல்லிக்கினு இருக்குது."

"மெட்ராஸ்காரனுக்கு என்ன ரெண்டு கொம்பா மொளைச்சிருக்கு? குடும்மா, நான் பாக்குறேன்."

இப்படித்தான் வாங்கினேன். ஹார்ட் டிஸ்கை அதற்கு முன் நான் திறந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். கரண்ட் கொடுத்தால் சுற்ற முடியாமல் முனகியது. தூசி துளிகூடப் படாத அறையில்தான் திறக்க வேண்டும் என்று போனில் பார்த்த வீடியோக்களில் சொன்னார்கள். எங்கள் ஊரில் அதற்கு எங்கே போவது? காலையில் காயப்போட்ட வேட்டியை மத்தியானம் உதறினால் கரித்தூள் கொட்டும். யோசித்து, குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவியில் தூசி அடங்கும்வரை காத்திருந்து, சுவரைத் துடைத்துவிட்டு ஸ்டூலைப் போட்டேன். நட்சத்திரத் தலை ஸ்குரூவைக் கழற்றச் சைக்கிள் கம்பி ஒன்றை அரத்தால் ராவிக்கொண்டேன். உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு தட்டு. அதன்மேல் பதிவைப் படிக்கும் ஒரு சின்னக் கை ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றது. பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு கீற்று வெட்டி, அடியில் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினேன். விடுபட்டது.

லேப்டாப்பில் மாட்டினேன். சுற்றியது! வீடியோவும் திறந்தது. ஓட்டு வீடு, வாசலில் வெட்கப்பட்டுக்கொண்டு அந்த அம்மா. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏய், வூட்ட மறைச்சிக்கினு நிக்கிறியே, கொஞ்சம் தள்ளி நில்லு." பிறகு சிரித்துக்கொண்டே இன்னொரு வார்த்தையும் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நிமிடமே மூடியைப் போட்டு, வீடியோவை லேப்டாப்பில் காப்பி எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. எங்கள் வேலையில் கியர்பாக்ஸைச் சரிசெய்தால் உடனே மூடமாட்டோம். மூடியில்லாமல் ஓட்டி, ஷிப்ட் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். அவர் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மூடி, போல்ட், கையெழுத்து எல்லாம். அதற்குப் பெயர் ட்ரையல். இத்தனை வருடப் பழக்கத்தில் அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். பழக்கம் என்று மட்டும் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. யாராவது பார்த்து மெச்ச வேண்டும் என்று இருந்தது. பெருமைக்கு எருமை மேய்க்கிற புத்தி.

மூடாத டிஸ்கை அப்படியே தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து மனைவியையும், எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன். முதலிலிருந்து ஓட்டிக் காட்டினேன்.

"அட, மனுஷன் பக்கத்துல நின்னு பேசுற மாதிரியே இருக்கே! பலே ஆளு சார் நீங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர். எனக்குத் தலைகால் புரியவில்லை. கரண்டை நிறுத்திவிட்டு உள்ளே எப்படி இருக்கிறது என்று காட்டும்போது, அவர் குனிந்து, "அதென்ன சார், தட்டு மேல தூசி மாதிரி?" என்று கேட்டார்.

ஒர்க்‌ஷாப்பில் தூசியைக் கண்டால் கை தானாகப் பனியன் வேஸ்ட்டுக்குப் போகும். கிரீஸ் துடைக்கிற பழந்துணித் துண்டுகள், என் வீட்டு மேஜையிலும் எப்போதும் ஒரு கட்டு கிடக்கும். எடுத்துத் துடைத்துவிட்டேன். பளபளவென்று துடைத்தேன், பாவி.

மறுபடி கரண்ட் கொடுத்ததும் தோசைக்கல்லைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

மனைவி என் கையில் இருந்த துணியைப் பார்த்தாள். "இதாலயா தொடைச்சீங்க? கடவுளே! நாளைக்கு அந்தம்மாகிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிடுங்க."

மறுநாள் காலை அந்த அம்மா துடைப்பத்தோடு எனக்காக ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு சத்தம்கூட வரலீங்களா சார்?"

"வரும்போதே செத்துப்போச்சும்மா. மெட்ராஸுக்கு அனுப்பினாலும் பிரயோஜனமில்ல."

அந்த இரண்டாவது பொய்யை யாரும் என்னிடம் கேட்கவில்லை. மெட்ராஸில் எவனாவது திறந்து பார்த்து, நான் துடைத்த தடத்தைக் கண்டுபிடித்துவிடுவானோ என்ற பயத்தில் சொன்னேன். ஒருவேளை அவர்களால் மிச்சம் மீதியை எடுத்திருக்க முடிந்திருக்கும். அதையும் கெடுத்தேன்.

"உங்களாலயே ஆவலன்னா யாராலயும் ஆவாதுங்க. ஞாயித்துக்கெழம கூட ஒக்காந்து பாத்திருக்கீங்க" என்று சொல்லி, ஒரு தூக்கில் பலாச்சுளை கொடுத்தார். மனைவி அதைத் தொடவே இல்லை. நான் தின்றேன். வெட்கங்கெட்டவன்.

போன வாரம் டீ நேரத்தில் அவராகவே பேச்சை எடுத்தார்.

"வீடியோ எடுத்தன்னிக்கு அவரு என்னைத் தள்ளி நிக்கச் சொன்னது நெனப்பிருக்குது சார். அப்பறம் சிரிச்சிக்கினே இன்னாவோ சொன்னாரு. எவ்ளோ யோசிச்சாலும் வர்லீங்க. கொரலும் மறந்துக்கினு வருது."

"நாளாக ஆக அப்படித்தாம்மா" என்றேன்.

எனக்கு மறக்கவில்லை. "வேணாம், அங்கியே நில்லு. வூடு போனா போவுது, நீ இருந்தா போதும்" என்றுதான் சொன்னார். நான் கேட்டேன், என் மனைவி கேட்டாள், எதிர்வீட்டுக்காரரும் கேட்டார்.