கண்டோன்மெண்ட் பக்கம் போன வண்ணத்துப்பூச்சிகள்

ஒக்கலிபுரம் கோவிந்தப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். எந்தத் தெருவில் குழி, எந்த முனையில் போலீஸ் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்று கேட்டால் மட்டும் மனிதர் திருதிருவென்று விழிப்பார். வானத்தைப் பார்க்கிற வேலை மனைவி ஜகதாம்பாளுடையது. வெயில் முற்றி முதல் மழை எட்டிப் பார்க்கும் நாட்களில், நீலப் புள்ளி போட்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் ஊரைக் கடந்து மேற்கே மலைகளுக்குப் போகும். "தோ போகுது பாரு!" என்று அவள் கத்துவாள். அவர் நிமிர்வதற்குள் அவை போய்விடும். கல்யாணமான வருஷத்திலிருந்து இதே கூத்துதான்.

இந்த வருஷம் சிவராத்திரி முடிந்த வாரத்தில் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் ஆபரேஷன் ஆயிற்று. எலும்பு கூடிவிட்டது, இனி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் அவள் காலை ஊன்றவில்லை. பயம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் படுத்தவள்தான். பிடித்து நடக்க வாங்கிய வாக்கர் மூலையில் துணி போடும் இடமாகிவிட்டது. ஓயாமல் பேசுகிறவள் இப்படி வாய் மூடிக் கிடந்தது கோவிந்தப்பாவுக்குத் தாங்கவில்லை. அவருக்கும் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர், வேறு வழி தெரியாமல், வாசலில் நின்றபடியே ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார்.

"ஜகதா, உன் பூச்சிங்க வந்துடுச்சி! அப்படி ஒரு கூட்டம்!"

அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள். "எந்தப் பக்கம் போச்சு?"

அதை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. காலையில் ஏற்றிய சவாரிதான் நாக்கில் வந்தது. "கண்டோன்மெண்ட் பக்கம்."

 அவள் சிரிக்க ஆரம்பித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"மழை வர்ற நேரத்துல அதுங்க கிழக்கால போயி இன்னாய்யா பண்ணும்? உன் ஆட்டோல ஏத்திகினு போனியா? சும்மா புளுகுற!"

"இல்ல ஜகதா, நெஜமா..."

"உன்னை நம்பினா இந்த வருஷம் ஒண்ணும் பாக்க முடியாது. அந்தத் துணியெல்லாம் எடுத்துப் போட்டுட்டு வாக்கரைக் கொண்டா."

அவர் துணிகளை அள்ளிப் போட்டுவிட்டு வாக்கரைக் கட்டிலருகே கொண்டுவந்து வைத்தார். அவள் காலைத் தரையில் ஊன்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, நின்று நின்று, அவள் வாசல்வரை வந்துவிட்டாள். மின்கம்பிகளுக்கு மேலே ஒன்று, அதன் பின்னால் இரண்டு, மேற்கே ராஜாஜிநகர் பக்கமாகப் படபடத்துப் போயின.

"தோ போகுதுய்யா! பாத்தியா?"

"பாத்தேன்," என்றார் கோவிந்தப்பா. தரையில் ஊன்றியிருந்த அவள் பாதங்களை விட்டு அவர் கண்ணை எடுக்கவே இல்லை.